மலிவு வேறு, சிக்கனம் வேறு



பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி விமானம், கப்பல், கார் முதலியவற்றின் சிறு மாதிரிகளைச் செய்வது நல்லதொரு பொழுதுபோக்கு. கைக்குப் பதமும் மனதுக்குப் பொறுமையும் அதனால் வருகின்றன. இதில் சற்று முன்னேறிய பிள்ளை ஒருநாள் வாப்பாவிடம் வந்து, "எனக்கு எயார்பிரஷ் ஒன்று வேண்டும்" என்று கேட்கும். "தூரிகைதான் இருக்கிறதே, இது எதற்கு?" என்பார் வாப்பா. "ஆக மலிவானதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுங்களேன்" என்பார் உம்மா. வாப்பாவின் கேள்வி நியாயமானது. உம்மாவின் தீர்ப்பில்தான் சிக்கல் இருக்கிறது. இரண்டையும் இம்மாதம் பார்ப்போம்.

முதலில் வாப்பாவின் கேள்வி. ஸ்பிட்பயர் என்ற பிரித்தானியப் போர் விமானத்தின் இறக்கை அகலம் சுமார் 11.23 மீற்றர். 72இல் ஒரு பங்காகச் சிறுப்பித்த மாதிரியில் அது 15.6 சென்ரிமீற்றராகிவிடும். அந்த மாதிரியில் தூரிகை விட்ட தடம் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு தடிப்பாக இருந்தால், உண்மையான விமானத்தில் 7 மில்லிமீற்றர் தடிப்பில் பெயின்ட் திரண்டு நிற்பதற்கு அது சமம். அப்படியொரு விமானத்தை யாரும் கண்டதில்லை. பச்சை நிறமும் மண்ணிறமும் ஒன்றோடொன்று கலக்கும் ஓரம் நிஜத்தில் ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டால், மாதிரியில் அது மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்கு. இதைத் தூரிகையால் செய்வது மிகக் கடினம். பெயின்ட்டைப் புகைபோலாக்கிப் படியவிடும் கருவிக்குத்தான் அது இலேசு.

ஆனால், வருடத்துக்கு இரண்டு மாதிரி மட்டும் செய்யும் பிள்ளைக்கு இக்கருவி அவசியமில்லை. நல்ல தூரிகையும் ஒரு ஸ்ப்ரே டின்னும் போதும். சிறு மனித உருவங்களுக்கும் நுணுக்கமான பாகங்களுக்கும் அனுபவசாலிகள்கூட இன்றும் தூரிகையைத்தான் எடுக்கிறார்கள். மாதாமாதம் செய்பவர், பெரிய மாதிரிகளில் இறங்கியவர், தூரிகையில் தன்னால் இயன்றதைச் செய்து பார்த்தவர் ஆகியோருக்கே எயார்பிரஷ் பொருந்தும். அது தேவைதானா என்று கேட்பது கஞ்சத்தனமல்ல. சிக்கனத்தின் முதற்படியே அதுதான்.

இது புதிய கருவியுமல்ல. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த அப்னர் பீலர் என்பவர் 1879இல் இதன் ஆரம்ப வடிவத்தைச் செய்தார். புகைப்படங்களுக்கு நிறமூட்டவும் திருத்தவும் அது அக்காலத்தில் பயன்பட்டது. 1890களில் சார்ள்ஸ் பர்டிக் என்பவர், காற்றும் நிறமும் கருவிக்குள்ளேயே கலக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று கடைகளில் காணும் நல்ல எயார்பிரஷ்களில் பெரும்பாலானவை அந்த முறையின் வாரிசுகளே. உள்ளே ஒரு கூரிய ஊசி, அதன் முன்னே நொஸில் என்னும் நுண்துளை. ஊசி பின்னால் நகர்ந்தால் துளை திறந்து பெயின்ட் வரும். சுற்றிப் பாயும் காற்று அதைத் துகளாக்கிக் கொண்டுபோகும்.

வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, விசை எப்படிப்பட்டது? ஒற்றைச் செயல் வகையில் விசையை அழுத்தினால் காற்றும் பெயின்ட்டும் சேர்ந்தே வரும். பெயின்ட்டின் அளவை வேறொரு திருகால் முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். இரட்டைச் செயல் வகையில் அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். பழக ஓரிரு வாரம் பிடிக்கும். பழகிவிட்டால் கோட்டின் தடிப்பை விரலாலேயே ஆளலாம். நீண்ட காலப் பாவனைக்கு இதுவே சிறந்தது.

இரண்டாவது, பெயின்ட் எங்கிருந்து வருகிறது? மேலே சிறு கிண்ணமுள்ள வகையில் பெயின்ட் தன் பாரத்தாலேயே இறங்கும். குறைந்த காற்றழுத்தமும் சில துளிப் பெயின்ட்டும் போதும். கீழே போத்தல் தொங்கும் வகையில் காற்றுத்தான் பெயின்ட்டை மேலே உறிஞ்ச வேண்டும். பெரிய பரப்புகளுக்கு அது வசதி. சிறு மாதிரிகளுக்கு மேற்கிண்ணமே சிக்கனம்.

மூன்றாவது, நொஸிலின் அளவு என்ன? 0.2 மில்லிமீற்றர் மெல்லிய கோடுகளுக்கு. அடிப்பூச்சும் உலோக நிறங்களும் அதில் இலகுவாக அடைத்துக்கொள்ளும். 0.5 மில்லிமீற்றர் பெரிய பரப்புக்கும் அடிப்பூச்சுக்கும். ஒன்றே ஒன்று வாங்குவதானால் 0.3 முதல் 0.4 வரையான அளவு பெரும்பாலான வேலைக்குப் பொருந்தும். ஜப்பானிய இவாட்டா கம்பனியின் நியோ வகை 0.35, அமெரிக்க பேட்ஜர் கம்பனியின் பேட்ரியட் 105 வகை 0.5. இரண்டும் மேற்கிண்ணமுள்ள இரட்டைச் செயல் வகைகள். ஆரம்பகாரர்களுக்கு அதிகம் சிபாரிசு செய்யப்படுபவை. ஜெர்மனியின் ஹார்டர் அன்ட் ஸ்டீன்பெக் கம்பனியின் எவலூஷன் வகையில் ஊசியையும் நொஸிலையும் மாற்றி, ஒரே உடலில் மெல்லிய வேலையும் பெரிய வேலையும் செய்யலாம்.

இனி உம்மாவின் தீர்ப்புக்கு வருவோம். இவற்றின் தோற்றத்திலேயே செய்யப்பட்ட, பெயர் தெரியாத மலிவுக் கருவிகள் நிறைய உண்டு. சில ஓரளவு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஊசியின் நுனி ஒருமுறை மேசையில் பட்டாலே வளைந்துவிடும். சிறிய நொஸிலை ஸ்பெனரால் சற்று இறுக்கிவிட்டால் அதன் திருகு முறிந்துவிடும். நல்ல கருவிக்கும் இது நேரும். அதற்கு உதிரிப்பாகம் கிடைக்கும். பெயரில்லாததற்கு எங்கே தேடுவது? ஒரு சிறு துண்டுக்காக முழுக் கருவியையும் எறிந்துவிட்டு இன்னொன்று வாங்க நேரிடும். ஆகவே கடைக்காரரிடம் விலையைக் கேட்குமுன், "இதற்கு ஊசியும் நொஸிலும் தனியாகக் கிடைக்குமா?" என்று கேளுங்கள். உள்ளேயுள்ள வளையங்கள் ரப்பரா, டெப்லோனா என்றும் கேளுங்கள். கடுமையான தின்னர் பட்டால் சாதாரண ரப்பர் ஊதிப் பழுதாகும்.

பலர் தவறும் இடம் இதுவல்ல. கையிலிருக்கும் காசு முழுவதையும் எயார்பிரஷுக்கே கொடுத்துவிட்டு, காற்றை மறந்துவிடுகிறார்கள். கையிலுள்ள காசைப் பத்துப் பங்காக்கினால் ஐந்து பங்கைக் கொம்பிரசருக்கும், மூன்றை எயார்பிரஷுக்கும், ஒன்றை முகமூடிக்கும், ஒன்றைச் சுத்தப்படுத்தும் சாமான்களுக்கும் ஒதுக்குங்கள் என்பதே எனது ஆலோசனை. கொம்பிரசர் சிறியதாக இருக்கலாம். ஆனால் ஒரு காற்றுத் தாங்கி, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், நீர்வடிகட்டி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். தாங்கி இல்லாவிட்டால் காற்று துடித்துத் துடித்து வரும். மாதிரிகளுக்கு ஏறக்குறைய 1 பார், அதாவது சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அழுத்தமே பெரும்பாலும் போதும். மூன்று லீற்றர் தாங்கியுள்ள சிறு கொம்பிரசர் இதைத் தாராளமாகத் தரும்.

நீர்வடிகட்டியை நம் நாட்டவர் விட்டுவிடவே கூடாது. ஈரக்காற்றை அமுக்கும்போது அதிலுள்ள நீர் துளியாகப் பிரிகிறது. கரையோர ஊர்களில் இது இன்னும் அதிகம். அரைமணி நேரம் பார்த்துப் பார்த்து அடித்த இறக்கையில் ஒரு சொட்டு நீர் விழுந்தால் வேலை பாழ். லெக்கர் வகைப் பெயின்ட் மழை நாட்களில் வெண்மை பூத்துப்போவதும் இதே ஈரத்தால்தான்.

பங்கீட்டில் ஒரேயொரு பங்குதானே என்று முகமூடியை நீக்கிவிடாதீர்கள். புகைபோலப் பறக்கும் பெயின்ட் மாதிரியில் மட்டும் படிவதில்லை. அறையில் மிதக்கிறது, மூச்சோடு உள்ளே போகிறது. நீரில் கரையும் அக்ரிலிக் வகைக்கு மணம் குறைவு. அதனால் ஆபத்தேயில்லை என்று எண்ணக்கூடாது. அதன் துகளும் சுவாசப்பைக்கு ஆகாது. எனாமலும் லெக்கரும் பாவிப்பவருக்குத் துணி முகமூடி போதாது. ஆவியை உறிஞ்சும் கரிவடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். கராஜில் மிஞ்சியதென்று வாகனங்களுக்கான இரு கலவைப் பெயின்ட்டை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அதன் கடினமாக்கியிலுள்ள ஐசோசயனேற்று ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. கைக்குழந்தையோ இழுப்பு நோயாளியோ உள்ள வீட்டில், அவர்கள் உறங்கும் அறையில் இவ்வேலை வேண்டவே வேண்டாம். ஜன்னல் திறந்த, அடுப்பு நெருப்பு எட்டாத இடமாகப் பாருங்கள். தின்னர் ஆவி தீப்பற்றும்.

பத்துப் பங்குக்கும் காசு போதாவிட்டால் என்ன செய்வது? இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு கொம்பிரசரை வாங்கி, எயார்பிரஷை மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். குழாயின் திருகு பொருந்துகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பலவற்றுக்கு எட்டிலொரு அங்குலத் திருகு. பேட்ஜர் போன்றவற்றுக்கு வேறு அளவு. சிறு இணைப்பி ஒன்று தேவைப்படும். பழைய டயரில் காற்றடைத்துப் பாவிப்பவர்களும் உண்டு. ஓரளவு ஆகும், ஆனால் அடிக்க அடிக்க அழுத்தம் குறைந்துகொண்டே போகும். காற்று அடைத்த டின்கள் முதலில் மலிவாகத் தெரிந்தாலும் கணக்குப் பார்த்தால் கூடுதலாகிவிடும். அடிக்கும்போது குளிர்ந்து அழுத்தமும் இறங்கும். பற்றரியில் இயங்கும் சிறு கைக்கருவிகள் இப்போது கிடைக்கின்றன. அடிப்பூச்சுக்கு உதவும். ஆனால் அவற்றில் பலவற்றில் அழுத்தத்தை மாற்ற இயலாது. பழைய பிரிஜ்ஜின் கொம்பிரசரைக் கழற்றிச் செய்வோர் அனுபவமுள்ள தொழில்நுட்பவியலாளரைக் கொண்டே செய்ய வேண்டும். பாதுகாப்பு வால்வு இல்லாத காற்றுத் தாங்கி வீட்டில் வைக்கக்கூடிய பொருளல்ல.

வாங்கிய முதல் நாளே மாதிரியில் அடிக்க வேண்டாம். பெயின்ட்டைப் பால் போன்ற பதத்துக்குக் கரைத்து, பழைய பத்திரிகைத்தாளில் புள்ளியும் கோடும் அடித்துப் பழகுங்கள். ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னும் கிண்ணத்தைக் கழுவி, வேலை முடிந்ததும் ஊசியைக் கழற்றித் துடைத்து வையுங்கள். விசிறும்போது துப்புகிறது, அடைக்கிறது என்று குறை சொல்லப்படும் கருவிகளில் பலவற்றுக்கு வேண்டியது பழுதுபார்ப்பல்ல, கழுவுதலே. கழுவச் சோம்பல்படும் பிள்ளைக்கு எவ்வளவு விலையுயர்ந்த எயார்பிரஷும் ஒரு மாதத்துக்கு மேல் உழைக்காது.

குறைந்த விலைக்கு வாங்குவது மலிவு. வாங்கியது பல வருடம் உழைத்து, வீட்டாரின் மூச்சையும் கெடுக்காமலிருந்தால் அது சிக்கனம். காசு இன்னும் சேரவில்லையென்றால் ஆறு மாதம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். அதுவரை தூரிகையால் கை பழகட்டும். பழகிய கைக்குக் கருவி கிடைக்கும்போது அதன் பெறுமதி விளங்கும்.