வண்ணத்தை வென்ற சாம்பல் நிறம்

மாணவன் தன் சொந்த விருப்பத்தால் முதன்முதலில் தேர்ந்தெடுக்கும் பொருள் பெரும்பாலும் பாடநூலன்று, விளையாட்டுப் பொருளே. பாடநூலைக் கல்வித்துறை தேர்ந்தளிக்கிறது. சீருடையைப் பள்ளி வகுக்கிறது. உணவைத் தாய் முடிவு செய்கிறாள். எந்த வீடியோ விளையாட்டுக் கருவியை வாங்குவது என்னும் கேள்வியில்தான் பிள்ளைகள் பலர் தேர்வு என்னும் கலையைப் பயிலத் தொடங்குகின்றனர். அதனை வெட்டிப் பொழுதுபோக்கு என்று ஆசிரியர் ஒதுக்கிவிடுவாராயின், அப்பாடத்தைக் கற்பிக்கும் பொறுப்பு விளம்பரக்காரனிடம் போய்ச் சேரும். அவன் கற்பிப்பதோ ஒரே பாடம்: ஆற்றல் மிகுந்ததே சிறந்தது.

இப்பாடம் பொய் என்பதற்கு வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. 1989ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ‘கேம்பாய்’ என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. சாம்பல் நிற உடல். பச்சை கலந்த சிறு திரை. அதில் நான்கே நிறச்சாயல்கள். திரைக்குப் பின்னே விளக்குக்கூட இல்லை. அதே ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் ‘லிங்க்ஸ்’ என்னும் கருவியையும், அடுத்த ஆண்டில் ஜப்பானின் சேகா நிறுவனம் ‘கேம் கியர்’ என்னும் கருவியையும் கொண்டுவந்தன. இவ்விரண்டும் வண்ணத் திரை உடையவை; உள்விளக்கால் இருளிலும் ஒளிர்ந்தவை. கடையின் கண்ணாடிப் பேழைக்குள் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்க்குக் கேம்பாய் ஏழை வீட்டுப் பிள்ளையாகவே தோன்றியிருக்கும்.

ஆயினும் மக்கள் எதனைத் தேர்ந்தனர்? கேம்பாயும் அதன் பின்வந்த வண்ணக் கேம்பாயும் சேர்ந்து 11 கோடியே 86 இலட்சத்துக்கும் மேல் விற்றன. கேம் கியர் ஏறத்தாழ ஒரு கோடியளவில் நின்றது. லிங்க்ஸ் அதனினும் மிகப் பின்தங்கியது.

இவ்வெற்றியைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று பேசுவோர் உளர். அவர்கள் எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கட்டும். கேம் கியருக்கு ஆறு மின்கலங்கள் தேவை. அவை நான்கு மணி நேர அளவில் தீர்ந்துபோகும். கேம்பாய்க்கு நான்கு போதும். குறைத்து மதிப்பிட்டாலும் அவை பத்து மணி நேரம் உழைக்கும். இருபது மணி நேர விளையாட்டுக்கு முன்னதற்கு முப்பது மின்கலங்கள். பின்னதற்கு எட்டே எட்டு. கருவியின் விலையை ஒருமுறை கொடுத்தால் தீர்ந்தது; மின்கலத்தின் விலையையோ மாதந்தோறும் குடும்பம் சுமக்க வேண்டும். அமெரிக்காவில் கேம்பாய் 90 டாலர் அளவிலும், லிங்க்ஸ் அதனைப்போல் இருமடங்கு விலையிலும் விற்பனைக்கு வந்தன என்பதையும் இதனோடு சேர்த்தெண்ணுக. கையில் ஏந்திச் செல்லவேண்டிய கருவி சுவரின் மின்செருகியை நாடி நிற்குமாயின், அதனைக் கையடக்கக் கருவி என்பதில் பொருள் ஏது?

‘டெட்ரிஸ்’ என்னும் விளையாட்டு உடன் வந்ததனால்தான் கேம்பாய் வென்றது என்பது இரண்டாம் வாதம். மாஸ்கோவில் அலெக்சி பஜித்னவ் உருவாக்கிய அவ்விளையாட்டு, கேம்பாய்க்கு முன்னரே பல கணினிகளில் உலவி வந்தது. கேம்பாய் அதற்கு அளித்தது சட்டைப்பையை ஒத்த எளிமை. விழும் கட்டைகளை அடுக்குவதற்கு வண்ணம் தேவையில்லை. பேருந்துக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடமே போதும். கருவியின் இயல்பும் விளையாட்டின் இயல்பும் பொருந்தியதை அதிர்ஷ்டம் என்பது, நிலம் அறிந்து விதைத்தவனின் விளைச்சலை அதிர்ஷ்டம் என்பதற்கு ஒப்பாகும்.

அவ்வாறு நிலம் அறிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் குன்பெய் யோகோய். 1965இல் நிண்டெண்டோவின் சீட்டுக்கட்டுத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தவர். 1980இல் கணிப்பான்களில் பயன்பட்ட மலிவான திரையைக் கொண்டே ‘கேம் அண்ட் வாட்ச்’ என்னும் சிறு விளையாட்டுக் கருவியைப் படைத்தவர். முதிர்ந்து, மலிந்து, குறைநிறைகள் யாவும் அறியப்பட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, எவரும் எண்ணாத திசையில் பயன்படுத்துக என்பதே அவர்தம் கொள்கை. புதுமை பொருளில் இல்லை, எண்ணத்தில் இருக்கிறது என்பதன்றோ இதன் சாரம்!

இது முன்னேற்றத்துக்குத் தடை என்று மூன்றாம் வாதம் எழும். அன்று. 1998இல் நிண்டெண்டோவே வண்ணக் கேம்பாயை வெளியிட்டது. அது இரண்டே மின்கலங்களில் பத்து மணி நேர அளவு இயங்கியது. பழைய விளையாட்டுகளையும் ஏற்றுக்கொண்டது. வண்ணத்தை அந்நிறுவனம் வெறுக்கவில்லை. வண்ணத்தின் விலையை மக்கள் தாங்கும் நாள்வரை பொறுத்திருந்தது. விரலுக்கேற்ற வீக்கம் என்பது இதுதான்.

குறையே இல்லாத கருவி என்று கேம்பாயைப் புகழ்வது நேர்மையாகாது. விரைந்து நகரும் உருவங்கள் அதன் திரையில் மங்கின. மாலை மயங்கினால் விளக்கைத் தேடி ஓடவேண்டியிருந்தது. ஆயினும் அக்குறை வாங்கும்போதே கண்ணுக்குத் தெரிந்த குறை. போட்டிக் கருவிகளின் குறையோ மின்கலம் தீரும்போதுதான் தெரியும். தெரிந்த குறையை ஏற்பது அறிவு. மறைந்த குறைக்குப் பணம் செலுத்துவது ஏமாற்றம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. இரு கருவிகளை வடத்தால் இணைத்து ஆடும் வசதி மூன்றுக்குமே இருந்தது. ஆனால், இணைவதற்குப் பக்கத்துவீட்டுப் பிள்ளையிடமும் அதே கருவி இருத்தல் வேண்டுமே! விலை குறைந்த கருவியே ஊரெங்கும் பரவும். பரவிய கருவியே பிள்ளைகளை ஒன்றுசேர்க்கும். 1996இல் ஜப்பானில் வெளிவந்த ‘போக்கிமான்’ விளையாட்டு இவ்வுண்மையின்மீதே எழுந்தது. அதில் எல்லா உயிரினங்களையும் தனியொருவன் தன் விளையாட்டைக் கொண்டே சேர்க்க முடியாது. நண்பனோடு பண்டமாற்றுச் செய்தே தீரவேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டு, நிண்டெண்டோ என்னும் பெயர் இருந்தால் போதும் என்று எவரேனும் முடிவு கட்டுவாராயின், அவரும் பிழை செய்தவரே. அதே நிறுவனம் 2012இல் வெளியிட்ட ‘வீ யு’ என்னும் கருவி 1 கோடியே 35 இலட்சம் அளவோடு முடங்கியது. அது எதற்கென்று வாங்குவோர்க்கு விளங்கவில்லை. பயன் தெளிவாக விளங்கிய ‘சுவிட்ச்’ கருவி 2017இல் வந்து, ஆற்றலில் போட்டியாளர்க்குக் குறைந்திருந்தும், 15 கோடிக்கும் மேல் விற்றது. எண்களை வணங்குவது எத்துணை மடமையோ, பெயரை வணங்குவதும் அத்துணை மடமையே.

ஆகவே, மாணவன் கடை வாயிலில் நிற்குமுன் நான்கு கேள்விகளைத் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும். இதனை எங்கே, எப்பொழுது பயன்படுத்துவேன்? வாங்கிய பின்னும் இது என்ன கேட்கும்? யாரோடு சேர்ந்து ஆடுவேன்? இதன் குறை எது, அதனைத் தாங்குவேனா? இவற்றுக்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளை நாளை தொழிலையும், துணையையும், தலைவனையும் தேர்ந்தெடுக்கும்போது பளபளப்பில் மயங்கமாட்டான். விடை சொல்லக் கற்பிக்காத ஆசிரியரோ, பிற்காலத்தில் சமுதாயம் பகட்டின் பின்னே ஓடுகிறதென்று புலம்பும் உரிமையை இழந்தவராவார்.