பலூனைப் பெருக்குற அக்காவை யார் கூப்பிட்டது?

அக்டோபர் வந்துட்டா நம்ம கேம்பஸ் பிங்க் ஆகிடும். ஆடிட்டோரியம் வாசல்ல பலூன் வளைவு, சட்டையில ரிப்பன், செல்ஃபி எடுக்க ஒரு ஃபிரேம், வாலன்டியருக்கெல்லாம் பிங்க் டி-ஷர்ட். போன வருஷம் அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கிட்டு, உண்டியலோட கிளாஸ் கிளாஸா ஏறி இறங்கினவன் நான். அதனால வெளியே நின்னு கிண்டல் பண்றதா நினைச்சுக்காதீங்க.

அன்னிக்கு நிகழ்ச்சி நல்லாத்தான் நடந்தது. டாக்டர் ஒருத்தங்க வந்து முக்கால் மணி நேரம் பேசினாங்க. எல்லாம் முடிஞ்சு நான் ஹாலைப் பூட்டப் போனப்போ, ஹவுஸ்கீப்பிங் அக்கா ரெண்டு பேர் வெடிச்ச பலூனைப் பெருக்கிக்கிட்டு இருந்தாங்க. அதுல ஒருத்தங்க கேட்டாங்க: "ஏன் தம்பி, இன்னிக்கு என்ன ஃபங்ஷன்?"

"கேன்சர் பத்தி ஒரு புரோகிராம்க்கா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். 'மார்பகப் புற்றுநோய்'னு என் வாயில வரலை. அந்த வார்த்தையை முதுகுல அச்சடிச்சுக்கிட்டு நாள் முழுக்கத் திரிஞ்சவன் நான்!

அப்பதான் உறைச்சது. நாம இதை யாருக்காக நடத்தினோம்? ஹாலுக்குள்ள உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் வயசு 18-லிருந்து 21. இந்த நோய் எந்த வயதிலும் வரலாம் என்றாலும், வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. அதனால்தான் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசே பரிசோதனைத் திட்டம் வைத்திருக்கிறது. அந்த வயசுக்காரங்க எங்க இருந்தாங்க? துடைப்பத்தோட வாசல்ல, மெஸ்ஸுல, நம்ம வீட்டுல.

2022-க்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஒரே ஆண்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்திருக்கிறது. சுமார் 98,000 பேர் இறந்திருக்கிறார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய நோய் இது. ஆனால் நம் நாட்டில் நிறையப் பேர் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ஆரம்பத்துல வர்ற கட்டி பெரும்பாலும் வலிக்காது. "வலிக்கலையே, அப்புறம் பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போடறதுக்கு அதுவே காரணம் ஆகிடுது. கூச்சம் இன்னொரு காரணம். தினக்கூலிக்காரங்களுக்கு மூணாவதா ஒண்ணு இருக்கு: ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னிக்குச் சம்பளம் போச்சு.

"ஸ்டூடண்ட்ஸ்கிட்ட சொன்னா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துடும்"னு சிலர் சொல்றாங்க. எங்க ஹாஸ்டல் விங்ல எட்டுப் பேர்கிட்ட கேட்டேன். ஒருத்தன்கூட அவங்க அம்மாகிட்ட இதைப் பத்திப் பேசலை, நானும் சேர்த்து.

அதுக்காக உண்டியலைத் தூக்கிப் போடச் சொல்லலை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஊரெல்லாம் நிதி திரட்டித்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1954-ல் அது ஆரம்பித்தபோது இருந்தவை 12 படுக்கைகள். காசு கேட்கிறதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை. அந்தக் காசு எங்க போகுதுங்கறதுதான் கேள்வி. 250 ரூபாய் டி-ஷர்ட்டுல 180 ரூபாய் அச்சடிக்கிறவருக்கே போனா, நாம திரட்டினது நிதியா, துணியா?

இந்த வருஷக் கமிட்டிக்கு நான் வைக்கிற கோரிக்கை மூணு.

ஒண்ணு, பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்ப் பேசுவோம். அங்க மார்பகப் பரிசோதனை இலவசம். நம்ம கேம்பஸ்ல வேலை பார்க்கிற அக்காங்க எல்லாரும் வேலை நேரத்துலயே, சம்பளம் பிடிக்காம, போயிட்டு வர நிர்வாகத்துக்கிட்ட அனுமதி வாங்குவோம்.

ரெண்டு, வசூலாகிற பணம் பலூனுக்குப் போக வேண்டாம். அடுத்த கட்ட டெஸ்டுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றவங்களுக்கு பஸ் காசும் அன்றைய கூலியும் கொடுப்போம். அரசு மருத்துவமனையில சிகிச்சை இலவசம்தான், ஆனா போக வர ஆகிற செலவும் இழக்கிற சம்பளமும் இலவசம் இல்லை. யார் பேரும் போடாம, வரவு செலவை மட்டும் நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோம்.

மூணாவது உங்களுக்கு, முக்கியமா பசங்களுக்கு. இந்த வாரம் அம்மாவுக்கு ஃபோன் போடுங்க. மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தமோ நீரோ கசிவது: இதில் எது இருந்தாலும் வலிக்காவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பயம் குறையும். ஆண்களுக்கும் இது அபூர்வமாக வரும். அதனால அப்பா பக்கத்துல இருந்தா ஸ்பீக்கர்லயே போடுங்க.

போன வாரம் நான் பேசினேன். அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "இதையெல்லாமா காலேஜ்ல சொல்லித் தர்றாங்க?"ன்னு கேட்டாங்க. வைக்கிறதுக்கு முன்னாடி, "பெரியம்மாகிட்டயும் சொல்றேன்டா"ன்னாங்க.

அந்த ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லலை. இந்த அக்டோபர்ல, ஹாலுக்கு உள்ள உட்கார வச்சு, முழு வார்த்தையோட சொல்லணும். வர்றீங்களா?