நித்தமும் நித்தியமும்

'நித்தம்' என்றால் நாள்தோறும். 'நித்தியம்' என்றால் என்றென்றும். ஒரே வடசொல்லில் பிறந்த இவ்விரு சொற்களும் தமிழில் தனிக்குடித்தனம் நடத்தத் தொடங்கி நெடுங்காலமாயிற்று. ஆயினும் உறவு முற்றிலும் அற்றுவிடவில்லை. சிவாலயத்தில் நித்திய பூசை என்றால் அன்றாடம் நடக்கும் பூசை. கிறிஸ்தவ ஆலயத்தில் நித்திய ஜீவன் என்றால் முடிவில்லாத வாழ்வு. வேலியோரத்து நித்திய கல்யாணியில் இரண்டு பொருளும் சேர்ந்தே இருக்கின்றன: பூ உதிர்ந்துவிடும், செடி பூப்பதை நிறுத்தாது.

அன்றாட வாழ்வை நித்தியத்தின் வெளிச்சத்தில் வாழவேண்டும் என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் மையமான கருத்துகளுள் ஒன்று. பிரசங்கங்களிலும் இரங்கல் உரைகளிலும் கல்லறை வாசகங்களிலும் அதைத் தொடர்ந்து எதிர்கொண்டு வருகிறோம். நம் வாசகர்களில் விசுவாசிகளும் உண்டு. எந்த மதத்தையும் ஏற்காதவர்களும் உண்டு. இரு சாராரிடமும் இக்கருத்தைக் குறித்து ஏறத்தாழ ஒரே புரிதல் இருப்பதைக் காண்கிறோம். நித்தியத்தை நோக்குவது என்றால் இன்றைய நாளைச் சற்று அலட்சியமாக நோக்குவது என்பதே அது. முன்னவர் அதைப் பற்றின்மை என்று போற்றுகிறார். பின்னவர் அதைத் தப்பித்தல் என்று சாடுகிறார். இரண்டுமே பொருந்தாது என்பது நம் கருத்து. கிறிஸ்தவ மூலநூல்களையும் அவற்றின் வழிவந்த இலக்கியத்தையும் ஊன்றிப் படித்தால், நித்தியம் அங்கே இன்றைக்கு மாற்றாக வைக்கப்படவில்லை, இன்றை நிறுக்கும் எடைக்கல்லாகவே வைக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும்.

இலக்கியத்திலிருந்தே தொடங்குவோம். எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) நம்மில் பலருக்குப் பாடநூல் வழியாகவேனும் அறிமுகமானது. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, 1858இல் கிறிஸ்தவம் தழுவியவர் அவர். கம்பனில் தோய்ந்த நடையில், ஜான் பன்யனின் ஆங்கில உரைநடைக் கதையை (1678) அடியொற்றி அந்தக் காப்பியத்தை இயற்றினார். அழிவுக்குக் குறிக்கப்பட்ட ஊரை விட்டு ஒருவன் புறப்பட்டு, பல இடர்களைக் கடந்து, பரம நகரை அடைவதே கதை. 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் சாமுவேல் பவுல் ஐயர் செய்த உரைநடைத் தமிழாக்கமும் தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் வேதாகமத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தது எனலாம்.

பன்யனின் கதைத் தொடக்கத்தில் நம்மை உறுத்தும் காட்சி ஒன்றுண்டு. நாயகன் ஊரை விட்டு ஓடுகிறான். மனைவியும் பிள்ளைகளும் பின்னாலிருந்து கூப்பிடுகிறார்கள். அவன் காதுகளில் விரலை வைத்துக்கொண்டு, நித்திய ஜீவனைச் சொல்லிக் கூவியபடி ஓடுகிறான். திரும்பிப் பார்ப்பதில்லை. தப்பித்தல் என்று குற்றம் சாட்டுவோருக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

ஆனால் இக்காட்சியை எழுதியவரின் வாழ்க்கை வேறு விதமாக இருந்தது. அரசின் அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காகப் பன்யன் 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தார். பிரசங்கத்தைக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தால் வெளியே வந்திருக்கலாம், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அதே வேளையில், வெளியே இருந்த குடும்பம் பட்டினி கிடக்காதிருக்கச் சிறைக்குள் உட்கார்ந்து காலணி நாடாக்கள் செய்து விற்கக் கொடுத்தார். அவருடைய மூத்த மகள் மேரி பிறவியிலேயே பார்வையற்றவள். 1666இல் வெளியான தம் ஆன்மிக வரலாற்று நூலில், அவளைப் பிரிந்திருப்பது குறித்து அவர் எழுதிய பகுதியைக் கல்நெஞ்சரும் எளிதில் கடந்துபோக முடியாது. கதையில் காதை அடைத்துக்கொண்டு ஓடியவனைப் படைத்தவர் தம் காதுகளை அடைத்துக்கொள்ளவில்லை.

முதல் பாகம் வெளியாகி ஆறு ஆண்டுகள் கழித்து, 1684இல், பன்யன் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். கைவிடப்பட்ட அதே மனைவியும் பிள்ளைகளும் இப்போது பயணம் புறப்படுகிறார்கள். முதல் பாகத்தின் பயணி பெரும்பாலும் தனித்தோ ஒரு தோழனுடனோ நடக்கிறான். இரண்டாம் பாகத்திலோ கூட்டமாக நடக்கிறார்கள். ஊன்றுகோல் ஊன்றி நடப்பவரும், மனம் தளர்ந்தவரும், எளிதில் அஞ்சுபவரும் அக்கூட்டத்தில் உண்டு. வழியில் நோய் வருகிறது, மருத்துவர் வருகிறார், திருமணங்கள் நடக்கின்றன, குழந்தைகள் பிறக்கின்றன. நடக்க மாட்டாதவருக்காக மற்றவர்கள் வேகத்தைக் குறைக்கிறார்கள். முதல் பாகத்தின் புகழில் இரண்டாம் பாகம் மறைந்துபோனது இலக்கியத்துக்கு மட்டுமன்றி விசுவாசத்துக்கும் நேர்ந்த இழப்பு என்றே நாம் கருதுகிறோம். முதலாவதை மட்டும் படித்தவர் நித்தியத்தை ஓட்டம் என்று எண்ணுவார். இரண்டையும் படித்தவருக்கு அது உடன் வருவோரைப் பொறுத்து நடப்பது என்று தெரியும்.

இந்தக் குழப்பம் பன்யனுக்கு வெகுகாலம் முன்பே, திருச்சபையின் முதல் தலைமுறையிலேயே தோன்றிவிட்டது. கிறிஸ்துவின் இரண்டாம் வருகை நெருங்கிவிட்டது என்ற எதிர்பார்ப்பு தெசலோனிக்கே நகர விசுவாசிகளிடம் மிகுந்திருந்தது. அவர்களுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தில், வேலை செய்யாமல் ஊர்ச்செய்தி பேசித் திரிவோருக்குக் கடுமையான கண்டனம் இருக்கிறது. உழைக்க மனமில்லாதவனுக்கு உணவும் வேண்டியதில்லை என்ற அளவுக்கு அது போகிறது. உலகம் முடியப்போகிறது, இனி உழைப்பானேன் என்று அவர்கள் கைகட்டி நின்றுவிட்டார்கள் என்பதே உரையாசிரியர் பலரின் விளக்கம். அதே வருகையை எதிர்பார்த்திருந்த பவுலோ, கூடாரம் செய்யும் தொழிலை விடவில்லை. எதிர்பார்ப்பு இருவருக்கும் ஒன்றே. ஒருவரிடம் அது சோம்பலாயிற்று, மற்றவரிடம் உழைப்பாயிற்று.

இயேசு கற்பித்த ஜெபத்தின் அமைப்பையும் சற்றுக் கவனிக்கலாம். முதலில் பரலோகம், பரமனின் நாமம், அவரது ராஜ்யம். ராஜ்யம் என்ற உச்சியிலிருந்து ஜெபம் நேரே இறங்கி வந்து நிற்பது சோற்றில். அடுத்து மன்னிப்பு. மத்தேயுவின் மூலத்தில் அங்கு வரும் சொல் 'கடன்' என்றே பொருள்படும். வானத்தைத் தொட்ட ஜெபம் இரண்டே வரிகளில் அடுப்படிக்கும் கடன்காரன் வாசலுக்கும் வந்துவிடுகிறது.

அந்த உணவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் விசித்திரமானது. 'எபியூசியோஸ்' என்னும் அச்சொல்லை இந்த ஜெபத்துக்கு வெளியே காண்பது அரிது. சுவிசேஷகர்களே அதைப் படைத்திருக்க வேண்டும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் கருதினார். அன்றாட உணவா, வரவிருக்கும் நாளின் உணவா, இயற்கைக்கு மேற்பட்ட உணவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இலத்தீன் வேதாகமத்தைச் செம்மை செய்த ஜெரோம், ஒரே சொல்லை லூக்காவில் 'அன்றாட' என்றும் மத்தேயுவில் 'பொருளுலகுக்கு மேலான' என்றும் இரண்டு விதமாக வைத்தார். மொழிபெயர்ப்பாளரின் தடுமாற்றம் என்று அதைத் தள்ளிவிடலாம். ஆனால் நித்தமும் நித்தியமும் ஒரே சொல்லிலிருந்து பிறந்த மொழியைப் பேசுகிறவர்களுக்கு அது அவ்வளவு புதிராகத் தோன்ற வேண்டியதில்லை.

சமையலறை என்றதும் நினைவுக்கு வருபவர், 'சகோதரர் லாரன்ஸ்' என்று அறியப்படும் பிரெஞ்சுத் துறவி. போர்வீரராக இருந்து காயமுற்று, 1640இல் பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தவர். மடத்தில் அவருக்கு வாய்த்தது அடுக்களை வேலை. அவருக்கு அதில் இயல்பாகவே வெறுப்பு இருந்தது என்பது நாம் மறந்துவிடக் கூடாத செய்தி. பல ஆண்டுகள் அதையே செய்தார். பின்னர் காலணி தைக்கும் பணிக்கு மாற்றப்பட்டார். அவர் 1691இல் மறைந்த பிறகு, அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் தொகுக்கப்பட்டுச் சிறு நூலாயின. ஜெப வேளைக்கும் வேலை வேளைக்கும் அவர் வேறுபாடு காணவில்லை என்பதே அந்நூலின் சாரம். அடுக்களையைத் தாண்டினால்தான் ஆண்டவர் என்று அவர் காத்திருக்கவில்லை. பாத்திரங்கள் பளபளத்தனவா என்று தெரியாது. அவற்றைக் கழுவியவரின் மனம் அங்கேயே இருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு வரலாம். அன்றாடச் செயல் ஒவ்வொன்றையும் நித்தியத்தின் கணக்கில் வரவு வைக்கத் தொடங்கினால், அடுத்தவர் நம் புண்ணியத்துக்குக் கருவியாகிவிட மாட்டாரா? பசித்தவனுக்கு இடும் சோறு அவனுக்காகவா, நம் மோட்சத்துக்காகவா? நியாயமான கேள்விதான். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வரும் நியாயத்தீர்ப்புக் காட்சி இதற்கு விடை சொல்வதாக நாம் வாசிக்கிறோம். பசித்தோருக்கு உணவிட்டவர்கள், அந்நியரைச் சேர்த்துக்கொண்டவர்கள், சிறைப்பட்டோரைப் பார்க்கப் போனவர்கள் ஏற்றுக்கொள்ளப்படுகிறார்கள். அப்போது அவர்கள் கேட்பது, தாங்கள் எப்போது அரசருக்கு அவற்றைச் செய்தோம் என்பதையே. அவர்களுக்குத் தெரியாது! அவர்கள் கண்டது பசித்த மனிதனை. அவனுக்கு வேண்டியது சோறு. புறந்தள்ளப்பட்டவர்களும் அதே வியப்போடு அதே கேள்வியைக் கேட்கிறார்கள். அரசர் என்று தெரிந்திருந்தால் அவர்களும் ஓடி வந்து பரிமாறியிருப்பார்கள். ஆக, நித்தியத்தைக் கணக்குப் பார்த்தவர்கள் அதை இழக்கிறார்கள். எதிரே நின்ற முகத்தைப் பார்த்தவர்கள் அதை அடைகிறார்கள்.

இதெல்லாம் நூல்களுக்குள் நிகழும் தர்க்கம் மட்டுமாக இருந்திருந்தால் நாம் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். தமிழ்நாட்டில் இதற்கு மண்ணும் கல்லுமான சாட்சி உண்டு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் தமிழ்க் கத்தோலிக்கத்தின் தொன்மையான ஊர்களுள் ஒன்று. 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்றது அங்கேதான். அதே ஊரில் 1872இல் எழுப்பப்பட்ட ஆலயம் கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு கூடங்களாகப் பிரிந்திருந்தது. உயர்சாதியார் ஒரு கூடத்தில், மற்றவர்கள் அடுத்ததில். இரண்டு கூடங்களும் சேருமிடம் பலிபீடம். எல்லோருக்கும் பீடம் தெரியும்; ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. 1910இல் பிரிவினைச் சுவர் அகற்றப்பட்டது. பிரிவினை வேண்டுமென்று கோரியவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், அவர்கள் தோற்றார்கள்.

அக்கூடத்தில் அமர்ந்திருந்தவர்கள் நித்தியத்தை நம்பாதவர்கள் அல்லர். மறுமையில் எல்லோரும் ஒரே விருந்தில் அமர்வோம் என்பதை அவர்களும் விசுவாசப் பிரமாணமாகச் சொன்னவர்களே. அந்த விருந்து மறுமைக்கு உரியது, சுவர் இம்மைக்கு உரியது என்று பிரித்துக்கொண்டார்கள், அவ்வளவே. நித்தியத்தை இன்றிலிருந்து பிரித்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குத் தெரியவில்லை. வடக்கன்குளத்துச் சுவர் விழுந்து நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. ஆனால் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதியைப் பிரித்து நின்ற சுவரும் அதற்கு எதிரான போராட்டங்களும் நம் காலத்துச் செய்திகள். உயிர்த்தெழுதலை எதிர்பார்த்துப் புதைக்கப்படும் இடத்திலும் சுவர்! மதத்தை அபினியோடு ஒப்பிட்ட மார்க்ஸ் (1844), வலியை மரத்துப்போகச் செய்வதையே முதன்மையாகக் கருதினார். இங்கே மரத்துப்போனது துன்புற்றவரின் வலியன்று, துன்புறுத்தியவரின் மனச்சாட்சி.

எனவே, நித்தியக் கண்ணோட்டத்தை விசுவாசிகள் கைவிடவேண்டும் என்று கோருவோரோடு நமக்கு உடன்பாடில்லை. அவர்கள் அதைப் போதுமான அளவு நம்பவில்லை என்பதே நம் முறையீடு. வருங்காலத்தில் ஒரே பந்தியில் அமரப் போகிறவர்கள் என்று உண்மையாகவே நம்புகிறவர், இன்றே அந்தப் பந்திக்குப் பழகிக்கொள்ளாமல் இருப்பது எப்படி? கணக்கு ஒப்புவிக்கவேண்டிய நாள் ஒன்றுண்டு என்று நம்புகிறவர், இன்று மாலை கொடுக்கவேண்டிய கூலியை நாளைக்குத் தள்ளுவது எப்படி?

தமிழ் வேதாகமத்தில் விசுவாசிகள் இவ்வுலகில் 'பரதேசிகள்' என்று சொல்லப்படுகிறார்கள். வேற்றூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர் என்பது அதன் பழைய பொருள். தெருப்பேச்சில் அச்சொல் வசையாகிவிட்டது. தன்னைப் பரதேசி என்று ஞாயிறுதோறும் ஏற்றுக்கொள்பவர், திங்கட்கிழமை தம் வாசலில் வந்து நிற்பவனை அதே சொல்லால் ஏசுவாரா, உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுப்பாரா? நித்தியத்தைப் பற்றி அவர் என்ன நம்புகிறார் என்பதை நாம் அங்கேதான் தெரிந்துகொள்கிறோம்.