பிரஷர் மாத்திரைக்கு முன் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை

கோவையில் எந்த மருந்துக் கடையிலும் மாலை நேரத்தில் கேட்கிற வாசகம் ஒன்றுதான்: "சுகர் மாத்திரை ஒரு அட்டை, பிரஷர் மாத்திரை ஒரு அட்டை." இரண்டாவது அட்டை எந்த வகை என்று கேட்பவர் குறைவு. அழுத்தத்தைக் குறைப்பதில் அம்லோடிபினும் டெல்மிசார்டனும் பெரிதாக வேறுபடுவதில்லை என்பதால் அதில் தப்பும் இல்லை. ஆனால் சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கிவிட்டால், இரண்டும் ஒன்றல்ல. கசிவு இருக்கிறதா என்று காட்டுவது ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. அதைப் பார்க்காமலே ஆண்டுக்கணக்கில் மாத்திரை வாங்கிப் போகிறோம் என்பதே என் குறை.

காரணம் பம்பு செட் ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியேற ஒரு குழாய். உடலில் சுரக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வெளியேறும் குழாயை அதிகமாக இறுக்குகிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, கடைமடையை அடைத்தால் வாய்க்காலின் கரை என்னவாகும்? எனலாபிரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் ஆகியவை இந்த ஹார்மோனைத் தடுத்து மடையைத் திறந்துவிடுகின்றன. 2001இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதைச் சோதித்தது. சிறுநீரகம் பாதிக்கப்பட்ட சர்க்கரை நோயாளிகள் 1,715 பேரில் ஒரு பிரிவுக்கு இதே வகையைச் சேர்ந்த இர்பெசார்டன், ஒரு பிரிவுக்கு அம்லோடிபின், மூன்றாவது பிரிவுக்கு வெற்று மாத்திரை. முதல் இரு பிரிவிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவுக்கு இறங்கியது. ஆனாலும் சிறுநீரகம் வெகுவாகக் கெடுவது, செயலிழப்பது, மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அம்லோடிபினைவிட இர்பெசார்டனில் ஆபத்து 23 விழுக்காடு குறைவு. மரணத்தை மட்டும் தனியே எடுத்தால் வித்தியாசமில்லை; அதையும் சொல்லத்தான் வேண்டும். இதயத்தையும் ரத்தக் குழாயையும் காப்பதற்கான சான்று 2000இல் வெளியான ராமிப்ரில் ஆய்விலிருந்து வருகிறது. அதிலிருந்த 3,577 சர்க்கரை நோயாளிகளிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்ந்த ஆபத்து நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

"மாத்திரை தின்னுதின்னே கிட்னி போயிருச்சு" என்று நம் பக்கம் சொல்வார்கள். அந்தப் பேச்சு வெறும் மூடநம்பிக்கை அல்ல. மடை திறந்ததும் வடிகட்டியின் அழுத்தம் இறங்குவதால், முதல் சில வாரங்களில், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். 30 விழுக்காடு வரை ஏறுவதை மருத்துவர்கள் பொதுவாக ஏற்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்துவதுதான் தவறு. சிறுநீரகம் ஏற்கெனவே வெகுவாகப் பழுதடைந்தவர்களிடம் நிறுத்திப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2022இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் நிறுத்தியவர்களின் சிறுநீரகம் மேம்படவில்லை. வறட்டு இருமல் இன்னொரு குறை. எனலாபிரில், ராமிப்ரில் இரண்டிலும் அது வரும், 'சார்டன்' வகைக்கு மாறினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரண்டு வகையையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லதல்லவா என்ற ஆசையும் ஒரு காலத்தில் இருந்தது. 2008லும் 2013லும் வந்த ஆய்வுகள் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன: கூடுதல் பயன் இல்லை, பொட்டாசியமும் சிறுநீரகப் பாதிப்பும்தான் கூடின.

உண்மையான ஆபத்து நம் அன்றாடத்தில் ஒளிந்திருக்கிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே விசைத்தறி ஓட்டுகிறவருக்கு உடம்பில் நீர் வற்றுகிறது. இடுப்பு வலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். இவற்றோடு மடையைத் திறக்கும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று சுருண்டுவிடலாம். வாந்தியும் வயிற்றுப்போக்குமாக இருக்கும் நாட்களில் இதைத் தற்காலிகமாக நிறுத்துவதுபற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. பொள்ளாச்சி இளநீர் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். இந்த மாத்திரையும் பொட்டாசியத்தை உடலில் தேக்கும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். கர்ப்பிணிகள் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. அல்புமின் கசியாத, அழுத்தமும் சரியாக உள்ள சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகத்தைக் காக்கும் டானிக்காக இதைக் கொடுக்கவும் ஆதாரமில்லை.

இப்போது டாபாக்லிஃப்ளோசின் போன்ற புதிய மருந்துகள் வந்துவிட்டனவே, பழையது எதற்கு என்பார்கள். அந்த மருந்துகளின் சிறுநீரக ஆய்வுகளில் ஏறக்குறைய எல்லோரும் இந்தப் பழைய மாத்திரையையும் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். புதியது அதன் மேல் கட்டிய மாடி. எனலாபிரில், ராமிப்ரில், டெல்மிசார்டன் மூன்றும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை, விலையும் மலிவு. ஆகவே சிக்கல் காசில் இல்லை, பரிசோதிக்காமல் விடுவதில்தான். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழகத்தில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. மாத்திரைப் பையோடு வருபவர் சர்க்கரை அளவையும் பிரஷரையும் குறிக்கிற அட்டையில் இன்னும் மூன்று கட்டங்கள் வேண்டும்: ஆண்டுக்கொரு முறை சிறுநீர் அல்புமின், மாத்திரை தொடங்கிய இரண்டொரு வாரத்தில் கிரியாட்டினின், கூடவே பொட்டாசியம்.