பெண்ணுடை அணியும் ஆண்களுக்கு மகளிர் மன்றத்தில் இடம் உண்டு: எங்கள் நிலைப்பாடு

வேலைக்குப் போகும்போது ஆணாகவும், சில மாலைகளில் புடவையோ சுடிதாரோ உடுத்திப் பெண்ணாகவும் இருக்க விரும்பும் ஒருவர் மகளிர் மன்றத்தில் சேர விண்ணப்பித்தால் என்ன செய்வது? சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு. இது திருநங்கையரைப் பற்றிய கேள்வி அன்று. திருநங்கையர் பெண்கள், அவர்களுடைய உறுப்புரிமை எங்களிடம் விவாதப் பொருளே இல்லை. இங்கே பேசப்படுபவர்கள் வேறு. அறுவை சிகிச்சையையோ பெயர் மாற்றத்தையோ இவர்கள் நாடுவதில்லை. பலருக்கு மனைவியும் பிள்ளைகளும் உண்டு. கிராஸ்டிரஸ்ஸர் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் இவர்கள், பெரும்பாலும் பூட்டிய அறைக்குள் மட்டுமே தமக்குப் பிடித்த உடையில் இருக்கிறார்கள்.

இவர்களை ஏற்பது கருணையின்பாற்பட்டது என்று நாங்கள் கருதவில்லை. இது பெண்களின் சொந்தப் பிரச்சினை. ஓர் அமைச்சரோ அதிகாரியோ கடமை தவறினார் என்று காட்ட, போராட்டக்காரர்கள் அவருக்கு வளையலும் புடவையும் அனுப்பும் வழக்கம் இந்நாட்டு அரசியலில் இன்றும் இருக்கிறது. கோழை என்று சொல்ல வளையல், கையாலாகாதவன் என்று சொல்லப் புடவை. பயந்த ஆணைத் திட்ட எடுக்கும் சொல்லும் ‘பொட்டை’தான். இந்த வசைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: பெண்ணாக இருப்பது ஒரு படி கீழே இருப்பது. பெண் சட்டையும் பேண்ட்டும் போட்டபோதும் எதிர்ப்பு வந்தது. பெண்கள் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு ஆண்களைப் போல் உடுத்தலாம் என்று பெரியார் எழுதியபோது பலர் பதறினார்கள். ஆனால் இன்று அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் அது இயல்பாகிவிட்டது. மேலே ஏற முயல்கிறாள் என்று ஊர் அவளை ஒருவழியாகப் புரிந்துகொண்டது. ஆண் புடவை உடுத்தினால் மட்டும் இன்றும் சிரிப்பும் அருவருப்பும் எழுகின்றன. உயரத்தை விட்டு அவனாகவே இறங்கிவிட்டான் என்று ஊர் எண்ணுகிறது. அந்தச் சிரிப்பில் ஒரு பெண்கள் சங்கமும் சேர்ந்துகொண்டால், தன்னைத் தாழ்த்தும் கணக்குக்குத் தானே கையெழுத்திட்டதாகும்.

மரபைக் காட்டி ஆண் பெண்ணுடை உடுத்துவதை நியாயப்படுத்துவது எளிது. ஆனால் மரபு சொல்வது சிக்கலானது. பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் எனப்படும் பெண் வேடங்களைச் சிறுவர்களும் இளைஞர்களும் ஏற்றார்கள். ஔவையாராக நடித்த டி.கே.சண்முகத்தின் பெயருக்கு முன்னால் அந்த ஔவையே நிலைத்துவிட்டார். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசரா விழாவில், நேர்த்திக்கடனுக்காகப் பெண் வேடமிடும் ஆண்களைக் கும்பிடுகிறார்கள். மேடையும் சாமியும் காரணமானால் ஊர் ஏற்றுக்கொள்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதே ஊர் முகம் சுளிக்கிறது. ஆகவே மரபு நமக்கு வழி திறந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஆண் பெண்ணுடை உடுத்துவது இறக்குமதிச் சரக்கு என்ற வாதம் நிற்காது என்பதை மட்டும் அது காட்டுகிறது. இறக்குமதியானது தண்டனைதான். 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், ‘அலிகள்’ என்று பிரிட்டிஷ் அரசு பதிவு செய்தவர்கள் பெண்ணுடையில் தெருவில் தோன்றினாலே பிடியாணையின்றிக் கைது செய்து ஈராண்டுவரை சிறையில் அடைக்க இடமளித்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம், உடை வழியாக ஒருவர் தம் பாலினத்தை வெளிப்படுத்துவதும் அரசமைப்பின் 19-ஆம் பிரிவு காக்கும் கருத்துரிமையில் அடங்கும் என்று கூறியது. அத்தீர்ப்பு அரசுக்கானது, ஒரு தனி மன்றம் யாரைச் சேர்க்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. எங்கள் முடிவு எங்கள் பொறுப்பு.

மிகக் கனமான எதிர்வாதம் பாதுகாப்பு பற்றியது. பெண் வேடத்தில் தீய எண்ணத்தோடு ஒருவன் நுழைந்துவிட்டால்? இந்த அச்சத்தை நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை; பெண்கள் அஞ்சுவதற்கு வாழ்க்கையே காரணம் தந்திருக்கிறது. ஆனால் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் ஒன்றையே சொல்கின்றன: வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், காதலர், மேலதிகாரி. வேட்டியிலும் பேண்ட்டிலும் வெளிப்படையாக வருபவர்கள் அவர்கள். அவர்களுக்குப் புடவை தேவைப்படவில்லை. அதோடு, வாசலில் நின்று யார் உண்மையான பெண் என்று சோதிக்கத் தொடங்கினால் அந்தச் சோதனை முதலில் பெண்களையே அடிக்கும். புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வென்ற வெள்ளிப் பதக்கம், பாலினச் சோதனையின் பேரில் பறிக்கப்பட்டது. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவர் அவர். குரல் தடித்தவர்களையும் மீசை அரும்பியவர்களையும் உயரமானவர்களையும் சந்தேகத்தோடு பார்க்கும் மன்றத்தை நாங்கள் விரும்பவில்லை. யாராக இருந்தாலும் நடத்தையைப் பார்ப்போம், அத்துமீறினால் வெளியேற்றுவோம். அந்த விதி பிறப்பால் பெண்ணானவர்களுக்கும் பொருந்தும்.

ஆண் யாரும் இல்லாத இடத்தில்தான் சிலவற்றைப் பேச முடியும் என்ற எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. குடும்ப வன்முறைக்கு ஆளானவர்கள் கூடும் அமர்வுகள் தனியாகவே நடக்கும். அவற்றில் யார் அமரலாம் என்பதை அந்தப் பெண்களே முடிவு செய்வார்கள். பெண்களுக்கென அரசு ஒதுக்கும் கடனும் உதவித்தொகையும் பெண்களுக்கே. பெண்ணுடை அணியும் ஆண் உறுப்பினர்கள் அவற்றைக் கோரக் கூடாது. மன்றப் பொறுப்புகளும் பெண்களிடமே, அதாவது திருநங்கையரும் சேர்ந்த பெண்களிடமே, இருக்கும். மாதக் கூட்டம், புத்தக வாசிப்பு, சுற்றுலா, பொங்கல் விழா ஆகியவற்றில் எந்தத் தடையும் இல்லை. இந்த வரம்புகள் பாகுபாடு இல்லையா என்று கேட்கலாம். ஓரளவு பாகுபாடுதான். பெண்கள் போராடிப் பெற்றவற்றைக் கைவிடாமல் கதவைத் திறக்க இதைவிட நேர்மையான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

மனைவியைப் பற்றிய கேள்விதான் எங்களை நெடுநேரம் உட்காரவைத்தது. கணவனின் இன்னொரு முகம் தெரியாத பெண் வீட்டில் இருக்க, நாங்கள் இங்கே அவரை வரவேற்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம் ஆகாதா? நாங்கள் அவர் வீட்டுக்குச் சேதி கொண்டுபோக மாட்டோம். ஒருவரின் ரகசியம் வெளிவந்தால் வேலை போவதும் அடி விழுவதும் இங்கே நடப்பவை. அவருக்காக மனைவியிடம் பொய்யும் சொல்ல மாட்டோம். அந்தப் பெண் எங்களிடம் உதவி கேட்டு வந்தால் மனைவியின் பக்கமே முதலில் நிற்போம். மனைவியிடம் பேசத் துணிவு தேடும் உறுப்பினருக்கு, தனிமையைவிட நாலு பெண்களின் துணை அதிகம் உதவும் என்பது எங்கள் நம்பிக்கை.

உறுப்பினர்களின் ரகசியம் காக்க, கூட்டங்களில் யாரையும் அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுக்களில் பகிரவும் கூடாது. உறுப்பினர் எந்தப் பெயரால் அழைக்கச் சொல்கிறாரோ அந்தப் பெயராலேயே அழைக்க வேண்டும். பிற மகளிர் மன்றங்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான்: இப்படி ஒரு விண்ணப்பம் வந்தால் செயற்குழுவில் மட்டும் பேசி நிராகரித்துவிடாதீர்கள். அவரை ஒரு கூட்டத்துக்கு அழையுங்கள், உடன் அமர்ந்து பேசுங்கள், அதன் பிறகு முடிவெடுங்கள்.