ஆடிக்காத்து இருக்கு... சித்திரைக்கு கரண்ட்? ஆரணி தறிக்கு காற்றாலை கை கொடுக்குமா?

ஆரணி:
பட்டுச்சேலைக்கு பேர் போன ஆரணியில் கைத்தறி ஓடுவது கையாலும் காலாலும்தான். ஆனாலும் கரண்ட் போனால் வேலை கெட்டுப் போகிறது. தார் சுற்றும் மெஷின் நிற்கும். வெளிச்சம் இல்லாமல் ஜரிகையில் ஒரு இழை தப்பினாலும் நஷ்டம் நெசவாளிக்குத்தான். விசைத்தறிக்காரர் பாடு இன்னும் மோசம். 2012-ல் மணிக்கணக்கில் இருந்த மின்வெட்டை யாரும் மறக்கவில்லை.

'நம்ம ஊர்லதான் இத்தனை காற்றாலை இருக்கே, அப்புறம் ஏன் தட்டுப்பாடு?' என்ற கேள்வி நியாயமானதுதான்.

1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சிறிய அளவில் ஆரம்பித்த காற்றாலை, இன்று தமிழகத்தில் 10 ஆயிரம் மெகாவாட்டை தாண்டிவிட்டது. ஆனால் இது காத்து நன்றாக அடித்தால் கிடைக்கும் கணக்கு. காற்றின் வேகம் பாதியாக குறைந்தால் மின்சாரம் பாதி அல்ல, எட்டில் ஒரு பங்குதான்!

ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு கணவாய்களில் மே முதல் செப்டம்பர் வரை காத்து பிய்த்துக்கொண்டு அடிக்கும். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடியில் தறி ஓடும்போது காற்றாலையும் சுற்றும். தை முகூர்த்த சேலையை கார்த்திகை, மார்கழியில் நெய்ய வேண்டும். அப்போது காத்து படுத்துவிடும்.

வைகாசி கல்யாணத்துக்கு நெய்யும் பங்குனி, சித்திரையில் இன்னும் சிக்கல். வெயிலில் ஃபேன், ஏ.சி. எல்லாம் ஓடும். 2024 மே 2-ந்தேதி தமிழகத்தின் மின்தேவை 20 ஆயிரத்து 830 மெகாவாட்டை தொட்டது. காற்று சீசன் அப்போது சூடு பிடிக்கவில்லை.

ஆரணியிலேயே காற்றாலை வைக்கலாமே என்றால், இங்கே அந்த கணவாய் காத்து கிடையாது. தெற்கில் இருந்து கம்பி வழியாகத்தான் வர வேண்டும். சீசனில் கம்பி தாங்காமல் காற்றாலைகளை நிறுத்தச் சொன்னதும் உண்டு. 2013 டிசம்பர் 31-ல் தென்மாநில மின்பாதை தேசிய மின்பாதையோடு இணைந்த பிறகு, மிஞ்சுவதை வெளிமாநிலத்துக்கு அனுப்ப வழி பிறந்தது.

ஆடிக்காத்தை சித்திரைவரை சேர்த்து வைக்க முடியாது. கடம்பாறை போல தண்ணீரை மேலே ஏற்றி இறக்கும் நிலையமும், பேட்டரியும் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். மற்ற மாதங்களுக்கு சூரிய ஒளி, அனல், அணு மின்சாரம்தான் கதி.

2023-ல் கைத்தறிக்கு 2 மாதத்துக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் என இலவச மின்சாரம் உயர்த்தப்பட்டது. அது பில்லை குறைக்கும். ஆனால் சித்திரை மாத சாயங்காலத்தில் லைட் எரிந்தால்தான் சேலை முடியும், கூலி கைக்கு வரும்.