ஒரிஜினல்னு சொல்றதுக்கு முன்னாடி எண்ணிப் பாருங்க சாமி!

முன்குறிப்பு: இது எம்ஜிஆர் பற்றியது அல்ல, எம்ஜிஏ பற்றியது. ரசிகக் கண்மணிகள் மன்னிக்க :-)

பழைய கார் விற்பவர்கள் வாயில் "ஒரிஜினல்" என்ற வார்த்தை படும் பாடு இருக்கிறதே, அப்பப்பா! பெயிண்ட் ஒரிஜினல், சீட்டு ஒரிஜினல், எல்லாமே 100% ஒரிஜினல். ஐயா, காருக்கு அடியில் எட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டால் மட்டும் முறைப்பார்கள்.

நான் ஆணி புடுங்குவது இங்கிலாந்தில். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு 1957 எம்ஜிஏ வாங்கினார். எம்ஜி கம்பெனி ஆபிங்டனில் 1955லிருந்து 1962 வரை செய்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். பார்த்தால் கண்ணில் ஒத்திக்கொள்ளலாம், அப்படி ஒரு வளைவு! விற்றவர் சொன்னது வழக்கம்போல, "எல்லாம் ஒரிஜினல்".

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். டாப் கியரில் ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டுகிறது, பக்கத்தில் ஆர்பிஎம் மீட்டர் 3500. ரெண்டும் ஒத்துப்போகிறது, சமர்த்து. சும்மா இருக்க முடியாமல் செல்போனில் ஜிபிஎஸ்ஸைப் போட்டேன். 66 மைல்!

"உன் போன் தப்பு" என்றார் பெரியவர். "மீட்டர் ரெண்டும் ஒரே மாதிரி சொல்லுதே?"

இங்கதாங்க மேட்டர். அந்த ரெண்டு சாட்சியும் ஒரே வீட்டுக்காரங்க! ஆர்பிஎம் மீட்டருக்கு இன்ஜினிலிருந்து செய்தி. ஸ்பீடோமீட்டருக்கு கியர்பாக்ஸிலிருந்து. அதற்குப் பின்னால், பின் ஆக்சில் நடுவில் உருண்டையாக உட்கார்ந்திருக்கிற டிஃபரன்ஷியலில் என்ன மாற்றினாலும் இவர்கள் ரெண்டு பேருக்கும் தெரியாது.

1957 எம்ஜிஏவில் தொழிற்சாலை போட்டது 4.3 விகிதம். அதாவது பினியனில் 10 பல், கிரவுன் வீலில் 43 பல். கடைசியாக வந்த 1600 மார்க் 2வில் (1961-62) 10க்கு 41. அடுத்து 1962ல் வந்த எம்ஜிபியில் 11க்கு 43, அதாவது 3.909. எம்ஜிபி திறந்த கார்களில் 1967 வரை வந்த ஆக்சிலும் எம்ஜிஏ மாதிரியே "பான்ஜோ" வகைதான். அதனால் எம்ஜிபியின் டிஃபரன்ஷியலைக் கழற்றி எம்ஜிஏவில் மாட்டுவது அந்தக் காலத்திலிருந்தே நடக்கிற வேலை. மாட்டிய பிறகு வெளியே இருந்து பார்த்தால் பிரம்மாவே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் எண்ணத் தெரிந்தவன் கண்டுபிடிப்பான். ஒரு பைசா செலவில்லை.

முன் சக்கரங்களுக்கும், தரையில் இருக்கப்போகும் பின் சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். ஒரே ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தை ஒருவர் சரியாக 20 சுற்று சுற்ற வேண்டும், இன்னொருவர் கோட்டைப் பார்த்து எண்ண வேண்டும்.

கிரவுன் வீல் சுற்றுவது ரெண்டு சக்கரத்தின் சராசரி. ஒன்று 20, இன்னொன்று 0. ஆக கிரவுன் வீல் 10 சுற்று. ஷாஃப்ட் 43 சுற்றினால் 4.3. 41 சுற்றினால் 4.1. 39ஐத் தொட்டு ஒரு துளி தாண்டினால் எம்ஜிபி சரக்கு. ஒரே சுற்று சுற்றிவிட்டுக் கணக்குப் போட்டால் 2.15க்கும் 1.95க்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது, அதனால்தான் 20. ரெண்டு சக்கரத்தையும் தூக்கிவிட்டால் இன்னொன்று எதிர்ப்பக்கம் சுற்றும், ஷாஃப்ட் அப்படியே நிற்கும், நீங்களும் முழித்துக்கொண்டு நிற்பீர்கள்.

பெரியவர் சக்கரத்தைச் சுற்ற, நான் மல்லாக்கப் படுத்து எண்ணினேன். 39. நம்பாமல் மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடியும் 39.

விற்றவருக்குப் போன் போட்டால், "அதெல்லாம் சின்ன விஷயம் சார்". சின்ன விஷயமா? ஸ்பீடோமீட்டர் சுமார் ஒன்பது சதவீதம் குறைத்துக் காட்டுகிறது. 70 மைல் வரம்புள்ள மோட்டார்வேயில் முள்ளை 70ல் வைத்துப் போனால் உண்மையில் 77. கேமரா ஃபிளாஷ் அடித்தால் அபராதம் பெரியவருக்கு. இந்த டிஃபரன்ஷியலோடு மீட்டரில் 10,000 மைல் ஏறினால், ஓடியது 11,000.

இது ஒரு கோஷ்டி. இன்னொரு கோஷ்டி இருக்கிறது, அவர்கள்தான் எனக்கு அதைவிடப் பெரிய டார்ச்சர். பழைய கார் கண்காட்சியில் ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்போ இது எம்ஜிஏவே இல்லை. உடனே பிடுங்கிப் போட்டுட்டு 4.3 மாட்டுங்க" என்றார். பெரியவர் முகம் செத்துவிட்டது.

யோவ்! எம்ஜிஏ வந்த 1955ல் பிரிட்டனில் மோட்டார்வே என்று ஒன்றே கிடையாது. முதல் துண்டு, பிரஸ்டன் பைபாஸ், 1958 டிசம்பரில்தான் திறந்தது. அந்த நாட்டு ரோட்டுக்குச் செய்த விகிதம் 4.3. இன்றைக்கு 70 மைலில் போனால் 4.3ல் இன்ஜின் சுமார் 4100ல் கத்தும், 3.909ல் சுமார் 3700. மேட்டில் ஏறும்போதும் கிளம்பும்போதும் இழுவை கொஞ்சம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எவரோ ஒருவர் இந்தக் காரை நிறைய தூரம் ஓட்ட ஆசைப்பட்டு யோசித்துச் செய்த வேலை இது. அதுவும் இந்தக் காரின் வரலாறுதானே?

"இன்னைக்கு டிஃபரன்ஷியல், நாளைக்கு இன்ஜின், அப்புறம் 1957ன்னு என்னதான் மிஞ்சும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு மருந்து பிடுங்கி எறிவது அல்ல, எழுதி வைப்பது. ஒரு காரின் வரலாறு அழிவது பாகம் மாறும்போது இல்லை, மாறியதை மறைக்கும்போது. மாற்றியவர் ஒரு துண்டுச் சீட்டில் "3.909 போட்டிருக்கிறது" என்று கிறுக்கியிருந்தால் எந்தப் பிரச்சனையும் இல்லை. பழைய 4.3 கையில் இருந்தால் கிரீஸ் தடவிப் பத்திரமாக வையுங்கள், வேண்டுமென்கிறவன் நாளைக்குத் திருப்பி மாட்டிக்கொள்வான்.

எங்கள் பெரியவர் டிஃபரன்ஷியலைத் தொடவில்லை. ஸ்பீடோமீட்டரை மட்டும் கழற்றி, புது விகிதத்துக்குச் சரிசெய்ய அனுப்பினார். கார் ஃபைலின் முதல் பக்கத்தில் தன் கையெழுத்திலேயே எழுதி வைத்தார்: "பின் ஆக்சில் ஒரிஜினல் அல்ல. 20 சுற்றுக்கு 39. நாங்களே எண்ணியது."

விற்கிறவர்களே, தீர்ப்புச் சொல்கிறவர்களே, ரெண்டு பேருக்கும் ஒரே வேண்டுகோள். வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சாக்பீஸ் வாங்குங்கள். விலை ரொம்பக் கம்மிதான்!